நிக்காவுக்குப் போகும் கார்

தாமுவே பேட்டையிலுள்ள கார் பட்டறையில் துணிக்கடை அப்துல் பாரி ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்திருக்கிறார். அவர் மகள் இக்ரா சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறாள். மெக்கானிக் தமிழ்மணி கழற்றிய முன்சக்கரத்தருகே முக்காலியில். சிங்கப்பூர் கிளம்பும் மோகன் வாசலில் டாக்ஸிக்குள் காத்திருக்கிறான். இணையம் இல்லாததால் அங்குள்ள உதிரிபாகக் கடைக்கு ஆர்டர் கடிதம் அவன் கையில்தான் போக வேண்டும். பிரேக் தட்டுகள் தேய்ந்துவிட்டன. இரும்புத் தட்டு இன்றே மாட்டலாம். பாரி ஆசைப்படும் கார்பன் செராமிக் தட்டு என்றால் அது சிங்கப்பூரிலிருந்து வந்து சேரும்வரை கார் பட்டறையில்தான். வெள்ளிக்கிழமை நிக்காவுக்கு இக்ரா இந்தக் காரில் போக முடியாது.

மழை விட்ட வெயில் தேய்ந்த தட்டில் பளபளக்கிறது. "நல்ல சாமான்தான் பாய். லேசு, கரி படியாது. ஆனா ரேஸ்ல திரும்பத் திரும்ப பிரேக் அடிக்கிறவங்களுக்குத்தான் அது. லத்தா பேட்டையிலேர்ந்து இங்க என்ன வேகத்துல வந்தீங்க?" என்கிறார் தமிழ்மணி.

"சந்தைக்குள்ள ஒரு கோழி என்னைய முந்திருச்சு, கோ தமிழ்மணி," என்கிறார் பாரி, அண்ணன் என்பதற்கான பர்மியச் சொல்லைச் சேர்த்து.

பாரி பயந்து பயந்து தட்டில் விரல் வைக்கிறார். வெறும் வெதுவெதுப்பு.

"காலைல தின்ன பராட்டா இதவிடச் சூடு, வாப்பா," என்கிறாள் இக்ரா.

பாரி வாய்விட்டுச் சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே முழங்காலில் தாளை வைத்து, கடைக்காரருக்கு 'செராமிக் வேண்டாம், மகளுக்கு நிக்கா, அவசியம் வரவும்' என்று எழுதுகிறார். உறையை நக்கி ஒட்டி மோகனிடம் நீட்டுகிறார். டாக்ஸி உறுமிப் புறப்பட்டு, பத்தடியில் நெரிசலில் நிற்கிறது.