மூன்றாவது காப்பி

மழைவெள்ளத்தில் தாராவிச் சங்கத்தின் கம்ப்யூட்டர் கெட்டுப்போனது. புது வீடு கிடைக்கப்போகிறவர்களின் பட்டியல் அதில்தான் இருந்தது. நல்லவேளையாக, மூன்று பிளாப்பிகளில் காப்பி எடுத்து தாதர், கல்யாண், உல்லாஸ்நகர் என்று மூன்று இடங்களில் வைத்திருந்தார்கள்.

தாதர் காப்பியில், மூட்டை தூக்கும் இனாயத்துல்லாவின் குடும்பத்தில் ஐந்து பேர். கல்யாண் காப்பியில் நான்கு பேர். கடைசி மகள் ஹபீபா இல்லை.

“ரெண்டும் ஒரே நாள்ல எடுத்ததுதான் பாய். தானா அழியாது,” என்றார் ஆபரேட்டர் ஜகந்நாதன்.

வீட்டில் மனைவி சாயிரா நான்கு தட்டுகளில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஹபீபா எங்க?”

“எந்த ஹபீபாவக் கேக்கிய?”

விடிந்ததும் இனாயத்துல்லா சங்கத்துக்கு ஓடினார். “உல்லாஸ்நகர் காப்பியப் போட்டுராதீங்க சார்!”

“இப்பத்தான் போட்டேன். எல்லாம் சரியா இருக்கு பாய்,” என்று ஜகந்நாதன் சிரித்தார். “நீங்களும் உங்க சம்சாரமும், ரெண்டே பேர்தானே?”