கடைசிப் பள்ளிக்கு ஒரு பிள்ளை

ஒன்றியத்தின் ஏழு பள்ளிகளும் ஒரே தரத்தில் இருக்க வேண்டுமாம். அதற்காக மாதந்தோறும், பட்டியலில் முதலிடம் பிடித்த பள்ளியில் அதிக மதிப்பெண் எடுத்த பிள்ளையைக் கடைசிப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். நறுமுகை இப்படியே நான்கு பள்ளிகளைப் பார்த்துவிட்டாள். ஐந்தாவதில்தான் அவளுக்கு ஜெசிமா கிடைத்தாள். சாப்பாட்டு மணி அடித்ததும் பக்கத்தில் இடம் பிடித்து வைக்கிற முதல் தோழி.

இப்போது அந்தப் பள்ளியும் முதலிடத்துக்கு வந்துவிட்டது. அதனால் இந்த மாதத் தேர்வில், நன்றாகத் தெரிந்த மூன்று கணக்குகளை நறுமுகை வேண்டுமென்றே தப்பாகப் போட்டாள்.

சனிக்கிழமை அம்மாவின் போனுக்குப் பட்டியல் வந்தது.

"நீ ரெண்டாவதுடி. எங்கயும் போக வேண்டாம்."

"அப்ப யாரும்மா ஃபர்ஸ்ட்டு?"

அம்மா திரையை மேலே தள்ளிப் பார்த்தாள். "ஜெசிமா. ஆத்துமேட்டு ஸ்கூலுக்குப் போறா."

அன்றிலிருந்து நறுமுகை கணக்கு நோட்டைக் கீழே வைக்கவில்லை.

"என்னடி, கலெக்டர் ஆகப்போறியா?" என்றாள் அம்மா.

"நான் ஃபர்ஸ்ட் வந்தா என்னையும் ஆத்துமேட்டுக்கு அனுப்புவாங்கல்ல?"

அம்மாவின் குரல் தணிந்தது. "அந்த ஸ்கூல் கடைசியா இருந்தாத்தானே அனுப்புவாங்க? ஜெசிமா போயிருக்கா. இனிமே அது மேல ஏறிடும், கண்ணு."

நறுமுகையின் பென்சில் நின்றது.

"ஏறாதும்மா. அவளுக்கு என்னைத் தேடுச்சுன்னா, எல்லாத்தையும் தப்பாப் போடுவா" என்று சொல்லிவிட்டு, அடுத்த கணக்கைப் போடத் தொடங்கினாள்.