புதுப் படிவு

தொட்டியின் நடுவிலிருந்து கால் தடம் தொடங்கியிருந்தது.

நடுவுக்குப் போன தடம் இல்லை.

அவள் ஏணியடியிலேயே நின்றாள்.

ஊருக்குப் போகும் குடிநீர் இங்கேதான் தெளிகிறது. ஆற்றுத் தண்ணீர் ஒரு பகலும் ஓர் இரவும் சும்மா கிடக்கும். கலங்கல் தானாகக் கீழே இறங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொட்டியை வடித்து வண்டலை வழித்தெடுப்பார்கள். நேற்று வழித்தார்கள். அடியில் தேங்கிய மிச்சத் தண்ணீர் இரவெல்லாம் தெளிந்தது. விடிந்ததும் அதையும் வடித்தாயிற்று. தரையில் தோசை கனத்துக்குப் புதுப் படிவு.

இன்று தொட்டிக்குள் இறங்கியது அவள் மட்டும்தான்.

தடம் நேராக ஏணிக்கு வந்தது. பெரிய கால். இடது காலில் சுண்டுவிரல் இல்லை.

அந்த விரலைக் குழாய் விழுந்து நசுக்கியபோது மஞ்சள் பற்றுப் போட்டவளே அவள்தான்.

செங்கோடன். அவள் புருஷன். இதே நிலையத்தில் மோட்டார் போடுகிறவனாக இருந்தான். ஏழு வருஷத்துக்கு முன் வெள்ளத்தில், தண்ணீர் இறைக்கும் ஆற்றுக் கிணற்றில் அடைத்த செத்தையை எடுக்க இறங்கினான். உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் சாவு இல்லை என்றது ஆபீஸ். ஏழு வருஷம் பொறுக்கச் சொன்னார்கள். அதுவரை அவள் தினக்கூலிக்கு இங்கே வண்டல் வழித்தாள்.

நேற்றோடு ஏழு முடிந்தது. இன்று பதினொரு மணிக்கு, அவன் இறந்துவிட்டான் என்று கையெழுத்துப் போட்டால் அவன் வேலை அவளுக்கு. மகளின் நர்சிங் படிப்பு அதை நம்பித்தான் இருக்கிறது.

முதலில் வந்தது கோபம்தான்.

"ஏனுங் மாமா, ஏழு வருசத்துல வேற நாளே கெடைக்கலீங்களா?"

அப்புறம்தான் அழுகை வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம், வால்வைப் பிடித்துக்கொண்டு ராசப்பன் அண்ணன் கத்தினார்.

"அம்மிணி! உள்ள ஏதாச்சும் கெடக்குதா? தண்ணி தொறந்து உட்றலாமா?"

ஏதாவது இருக்கிறது என்றால் எட்டிப் பார்ப்பார். அந்தக் கால் அவருக்கும் தெரிந்த கால். அவர் வாயில் அவல் விழுந்தால் பதினொரு மணிக்குள் சேதி ஆபீசுக்கே போய்விடும்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஒண்ணுமில்லீங்ணா. தொறந்து உடுங்க."

தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. தடங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன.

அவள் ஏறத் தொடங்கினாள். ஏணிக் கம்பிகளிலும் சேறு இருந்தது. துடைத்துக்கொண்டே ஏறினாள்.

முதல் படி. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது.

ஐந்தாவதில் சேறு இல்லை.

அதற்கு மேல் எதிலுமே இல்லை.

கீழே தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது.

ஏணி லேசாக ஆடியது. அடிப்படியில் யாராவது கால் வைத்தால் அப்படித்தான் ஆடும்.

அவள் குனிந்து பார்க்கவில்லை.

வேகமாக ஏறினாள்.