இரண்டு கைதட்டல்

முதலில் இருமல். பிறகு இரண்டு கைதட்டல்.

அவன் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

சோதனை சர்வரைக் காலையில்தான் எழுப்பியிருந்தான். பாட வீடியோக்களை வெட்டிச் சீராக்கும் வேலை இதில் ஒழுங்காக நடந்தால் மெயின் சர்வருக்கு மாற்றிவிடலாம். சோதனைக்கு எடுத்தது ஞானசிகாமணி சாரின் வேதியியல், நாற்பது பாடம். சங்கரன்கோவிலில் வீட்டு அறையில் தனியே உட்கார்ந்து பதிவு செய்கிறவர். அவரை அவன் நேரில் பார்த்ததில்லை.

ஆசிரியர்களுக்குச் சொல்லிவைத்தது ஒன்றுதான். இருமலோ தடுமாற்றமோ வந்தால், இரண்டு முறை கைதட்டிவிட்டுத் தொடருங்கள். இருமிய இடத்திலிருந்து கைதட்டல் வரை மெஷின் வெட்டிவிடும்; கைதட்டல் வராவிட்டால், பதிவின் முடிவு வரை.

அவன் எழுதிய விதி. ஓராண்டாக ஓடுகிறது. மெயின் சர்வரில், வெட்டியது அப்போதே அழிந்துபோகும்.

இங்கே மட்டும், சரிபார்ப்பதற்காக, வெட்டியதைத் தனியே சேர்த்து வைத்திருந்தான்.

முதல் பாடத்தில் வெட்டியது ஆறு விநாடி.

பத்தாவதில் ஒரு நிமிடம்.

முப்பத்தெட்டில் பதினான்கு நிமிடம்.

முதல் பாடத்துக் கைதட்டல் பட்டாசு. போகப் போக, தலையணையைத் தட்டுவது போல.

"கட் சுத்தமா விழுதுல்ல?" பக்கத்து மேசையிலிருந்து எழிலரசி எட்டிப் பார்த்தாள். "அப்புறம் என்ன, சார் இருமுறதை ஆராய்ச்சி பண்றே? டாக்டருக்குப் படிச்சிருக்கலாம்டா நீ."

அவன் நாற்பதாவதைத் திறந்தான்.

இருமல். நீண்ட மூச்சு. பிறகு, பாடம் நடத்தாத ஒரு குரல்.

"தம்பி, இத வெட்டிருங்க, கேட்டீங்களா. எம் பொண்ணும் இதுலதான் படிக்கா. அவ காதுல விழுந்திரக் கூடாது."

கைதட்டல்.

இத்தனை நாளும் அந்தத் தம்பி ஒரு மெஷின்.

"எழில், சார் நம்பர் இருக்கா?"

"மெயில் ஐடிதான் இருக்கு. எதுக்கு?"

அதற்குள் சாரிடமிருந்து நாற்பத்தொன்றாம் பாடம் வந்து விழுந்தது. கேமராவை ஓடவிட்டால் போதும். ஒரு மணி நேரத்தில் தானே நின்று, தானே அனுப்பிவிடும். அதுவும் அவன் செய்த ஏற்பாடுதான்.

சோதனை சர்வர் அதை எடுத்துக்கொண்டது.

பாடம்: நான்கு நிமிடம்.

வெட்டியது: ஐம்பத்தாறு.

வெட்டியதைத் திறந்தான்.

இருமல். நாற்காலி சரியும் சத்தம். அப்புறம் மின்விசிறி மட்டும்.

திரையில் பச்சை விழுந்தது. சோதனை வெற்றி.

அவன் ஒலியைக் கூட்டினான். கூட்டிக்கொண்டே போனான்.

ஒரு தட்டலாவது.