காமாக் கதிர் வந்த மதியம்

“இன்னிக்காவது அந்த போனை எடுக்காம சாப்பிடுடா எத்தோரே! நட்சத்திரம் வெடிச்சுதுன்னு ரெண்டு பொண்ணுங்களைத் தனியா விட்டுட்டு ஓடியிருக்க. வேலையைப் பத்தி வாயே திறக்காத. இலாரியாகிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்.”

அவன் கிளம்பும்போது அக்கா நிவெஸ் போட்ட கட்டளை இது. அதை மனத்தில் முடிந்துகொண்டு இத்தாலியின் லேக்கோ ஏரிக்கரை உணவகத்தில் உட்கார்ந்திருந்தான் எத்தோரே. எதிரே, அக்கா அவனுக்காகப் பார்த்து வைத்த இலாரியா. படத்தில் பார்த்ததைவிட அழகு.

“இந்த ஏரி மீனை வேணாம்னு சொல்றவங்களை நான் நம்பவே மாட்டேன்,” என்றாள்.

“அப்ப எனக்கு ரெண்டு தட்டு!”

அவள் கலகலவென்று சிரித்த அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப்பை அதிர்ந்தது. எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்தால் மட்டும் வரும் அதிர்வு அது: காமாக் கதிர் வெடிப்பு! விண்ணில் சுற்றியபடி வானத்தை அலசும் தொலைநோக்கி எதையோ பிடித்துவிட்டது. இந்த வாரம் பணி அவனுடையது. அவன் சரிபார்த்து இடத்தை அறிவித்தால்தான் பூமியிலுள்ள தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பும். அதற்குள் வெளிச்சம் மங்கிக்கொண்டே போகும்.

“முக்கியமான அழைப்பா?”

“சேச்சே, ஏதோ விளம்பரம்.”

அதன்பிறகு என்ன ஆயிற்றோ, இலாரியாவின் கலகலப்பு வடிந்துவிட்டது. மடியிலிருந்த பையை எட்டி எட்டிப் பார்த்தாள். மேசையை விரலால் தட்டினாள்.

“நான் ரொம்ப அறுக்கறேனோ?” என்றான்.

“ஐயோ, இல்லங்க!”

மறுபடி அதிர்வு. எத்தோரேவுக்கு வியர்த்தது. போகட்டும், வெடிப்பு நாளைக்கும் வரும். இப்படி ஒருத்தி வருவாளா?

“தப்பா நினைக்காதீங்க, ஒரே நிமிஷம்.” முகம் சிவக்க எழுந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள் இலாரியா.

போச்சு, இந்த முறை ஓடிவிட்டது இவள். இனி யாருக்காக இந்த விரதம்? கைபேசியை எடுத்தான். எடுத்த கையோடு, பணியிலிருப்பவருக்கான எண்ணுக்கு வந்த அழைப்பில் அது அதிர்ந்தது.

“பணியில இருக்கறது யாருங்க? தூங்கறீங்களா?” ஒரு பெண்குரல் பொரிந்து தள்ளியது. “ஹவாய்ல எங்க தொலைநோக்கி எந்தப் பக்கம் திரும்பறதுன்னு தெரியாம நிக்குது! சீக்கிரம் இடத்தைச் சொல்லுங்க. முதல்முதலா மனசுக்குப் பிடிச்ச ஒருத்தரை அம்போன்னு உட்கார வச்சுட்டு வந்திருக்கேன்!”

எத்தோரே மெல்லத் தலையைத் திருப்பினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், போனைக் காதில் வைத்தபடி கத்திக்கொண்டிருந்தாள் இலாரியா.