தொலைந்த பதிவு

"பென்சிலின் ஒத்துக்காதுன்னு பாப்பம்மாளே சொல்லியிருக்காங்க. அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினீங்களா?" மதுரையிலிருந்து விசாரணைக்கு வந்த டாக்டர் கேட்டார்.

"ஏத்தினேன் சார். 'பதிவாகிவிட்டது'ன்னு காட்டுச்சு."

பொய். மறந்துபோனது பிரின்ஸிக்குத் தெரியும். நர்ஸாகச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அடுத்த ஷிப்டில் போட்ட பென்சிலின் ஊசியில் பாப்பம்மாள் இறந்துபோனாள்.

டாக்டர், கம்ப்யூட்டர் பிரிவு சிவமுருகனிடம் திரும்பினார். மொட்டைத் தலை. பழனிக்குப் போய்வந்திருப்பான் போல.

"புள்ள மேல தப்பில்லைங்க. டிஸ்க் மெதுவானா, புரோகிராம் தானாவே 'பதிவாகிவிட்டது'ன்னு முதல்ல காட்டிட்டு, பெறகுதான் டிஸ்க்ல எழுதும். எல்லாரும் வெரசா வேணும்னு கேட்டாங்கன்னு நான்தான் அப்படி வச்சேன். எழுதறதுக்குள்ள கரண்ட் போயி, பதிவு தொலைஞ்சிருச்சுங்க."

"உங்க வேலை போயிடும், தெரியுமா?"

"போகட்டுங்க."

வெளியே மூடுபனியில் இறங்கி நடந்தவனை ஒருவேளை ஏத்தித்தான் இருப்போமோ என்ற நப்பாசையில் பிரின்ஸி ஓடிப்போய் மறித்தாள்.

"அண்ணே, நெசமாவே மெஷின் தப்பா?"

"இல்லம்மா. அன்னைக்கு டிஸ்க் நல்லா வேகமாத்தான் ஓடுச்சு. எல்லாத்தையும் எழுதி முடிச்ச பெறகுதான் 'பதிவாகிவிட்டது'ன்னு காட்டுச்சு. ஒரு பதிவும் தொலையல. நீ ஏத்தவே இல்ல."

"பெறகு ஏண்ணே இப்படிச் சொன்னீங்க?"

சிவமுருகன் தலையைத் தடவிக்கொண்டான்.

"இது பழனி மொட்டை இல்லம்மா. பாப்பம்மா எங்கம்மா. கடைசியா வார்டுலருந்து போன்ல பேசுறப்ப, 'இங்கன ஒரு நர்சுப் புள்ள ரெண்டு நாளாத் தூங்காம நிக்குதுடா, பாவம்'னு சொல்லுச்சு."