சடையாண்டியின் பூட்ஸ்

பூட்ஸ் நனைந்திருந்தது.

அவன் நனைக்கவில்லை.

குனிந்து பார்த்தான். நுனியில் புதுப்பனி ஒட்டியிருந்தது. லேஸிலிருந்து ஒரு சொட்டு, யோசித்து யோசித்து, பலகையில் விழுந்தது.

பங்கரின் மூலையில் வெட்டித் திறந்த மண்ணெண்ணெய் டின்தான் கருவறை. உள்ளே ஒரு பழைய தொப்பியும் கொஞ்சம் விபூதியும். வாசலில் இந்த ஜோடி பூட்ஸ்.

அவில்தார் சடையாண்டி வெளியே இருக்கும் சரிவில் பனி சரிந்து புதைந்துபோனவர். எத்தனையோ பனிக்காலம் ஆகிவிட்டது. உடல் கிடைக்கவில்லை. அவர் விட்டுப்போன மாற்று பூட்ஸ் மட்டும் மிஞ்சியது. ஊரில் கருப்பனுக்குச் செருப்பு தைத்து வைப்பார்கள். இரவெல்லாம் காவல் சுற்றியதில் காலையில் அது தேய்ந்திருக்கும். தெற்கிலிருந்து இந்த உயரத்துக்கு வந்தவர்கள் அந்த நம்பிக்கையையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

பூட்ஸ் நனைந்திருந்தால் சடையாண்டி வழி பார்த்துவிட்டு வந்திருக்கிறார். போகலாம்.

காய்ந்திருந்தால் போகக் கூடாது.

ஒருநாளும் அது காய்ந்திருந்ததில்லை. விடியுமுன் அதை வெளியே கொண்டுபோய்ப் பனியில் முக்கி வைப்பவன் அவன்தான். பூசை வேலையை அவனிடம் ஒப்படைத்துவிட்டுக் கீழே போனவன் காதோடு சொன்னது அது.

"ஒரு முக்கு முக்கி வச்சிரு மாப்ள. பயலுக தெம்பா நடப்பானுக."

அவனுக்குச் சாமி கிடையாது. ஆனால் பயந்தவன் கால்தான் முதலில் வழுக்கும் என்று தெரியும். முக்கினான்.

நேற்று பகலெல்லாம் எதிர்முகட்டிலிருந்து குண்டு விழுந்தது. ஓய்ந்த பிறகு சரிவின் ஓரத்தில் கால்வைத்துப் பார்த்தான். வெறும் பானையைத் தட்டியதுபோல அடியில் ஓர் ஓசை.

பனி எந்த நேரமும் சரியலாம் என்று சுபேதாரிடம் சொன்னான்.

கீழே உள்ள காவல்நிலையில் தோட்டா தீர்ந்துகொண்டிருந்தது. இவர்கள்தான் சுமந்து போக வேண்டும். சரிவைத் தவிர வேறு வழியில்லை. சுபேதார் தாடியைச் சொறிந்தார்.

"ஒரு நாள் தாங்குவாங்க. போறதா வேண்டாமான்னு காலையில சாமி சொல்லட்டும்."

பக்கத்தில் தவசி நின்றிருந்தான். அவனுக்கு விடுப்பு வந்துவிட்டது. தோட்டா சுமப்பவர்களோடு இறங்கினால் அப்படியே ஊருக்குப் போய்விடலாம். வயர்லெஸ்ஸில் வந்த செய்தியை அவன் யாரிடமும் இரண்டாம் முறை சொல்லவில்லை. அப்பாவுக்குக் கஞ்சி இறங்கவில்லை.

இரவு, பூசை பார்ப்பவன் பூட்ஸை அடுப்பருகே வைத்துச் சுக்காகக் காயவிட்டான். பிறகு எடுத்துத் துடைத்து டின் முன்னால் வைத்தான்.

முதல் தடவையாகத் தன் பொய்யை நம்பித் தூங்கினான்.

இப்போது முதுகுக்குப் பின்னால் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

சுபேதார் ஈரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கட்டுங்கடா கயித்த."

பெட்டிகள் தோளுக்கு ஏறின.

"பாத்தியா, அத்தன குண்டுலயும் சாமி ரவுண்ட்ஸ் போயிட்டு வந்திருக்காரு."

"உன்னய மாதிரியா? ஒண்ணுக்குப் போகவே தொண கேக்குற ஆளு."

சிரித்தார்கள். பயம் விட்டுப்போன சிரிப்பு. அவன் வளர்த்த சிரிப்பு.

"சாப்."

குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

"தினமும் நாந்தான் நனைக்கிறேன். சாமி இல்ல சாப். நான். விடியுமுன்ன எழுந்து, பனியில முக்கி, நான்."



ஒருவன் தோளிலிருந்த பெட்டியைக் கீழே இறக்கினான். இன்னொருவன் வாசலையும் சரிவையும் பார்த்தான். பயம் ஒவ்வொரு முகமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. வரட்டும். இன்று அதுதான் காப்பாற்றும்.

சுபேதார் அவனையே பார்த்தார்.

"இன்னைக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை நாள் சொன்னது போல இன்னும் ஒன்று.

உண்மைக்குத் திறந்த வாய் மூடத் தெரியாமல் நின்றது.

"இன்னைக்கு நான் தொடல சாப்."

சுபேதார் மெல்லத் தொப்பியைக் கழற்றினார்.

யாரோ தேம்பினார்கள். கீழே இறக்கிய பெட்டி மறுபடி தோளுக்கு ஏறியது. முன்னைவிட லேசாக.

"நேத்து வரைக்கும் நீ வச்சடா. இன்னைக்கு அவரே வந்துட்டாரு."

விபூதியை அள்ளி அவன் நெற்றி நிறையப் பூசினார். மூக்கில் உதிர்ந்தது. உதட்டில் உதிர்ந்தது. சாம்பலின் ருசி.

தவசி மட்டும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அடுப்பருகே குந்தியிருந்தான். கையுறைகளைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தான். அவற்றிலிருந்து ஆவி எழுந்தது. இன்னும் யாரும் வெளியே போகவில்லை.

நிமிர்ந்தான்.

இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

தவசியின் கண்கள் கெஞ்சவில்லை. ஏற்கெனவே பாதி தூரம் போய்விட்டவனின் கண்கள். ஏதோ ஒரு கட்டிலருகே, ஒரு கரண்டிக் கஞ்சியோடு.

ஒரு வாக்கியம் போதும்.

அதை நாக்கில் வைத்துக்கொண்டே அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டினான். தவசி ஈரக் கையுறையை மாட்டிக்கொண்டு அவனுக்கு முன்னால் வந்து நின்றான். தன் முடிச்சை இழுத்துப் பார்த்தான். அவனுடையதையும் இழுத்துப் பார்த்தான்.

வெளியே மூடுபனி. எதிர்முகடு தெரியவில்லை. நல்ல நேரம் என்றார்கள்.

ஒருவர் பின் ஒருவராகச் சரிவில் இறங்கினார்கள்.

நடுவழியில், தலைக்கு மேலே பனிக்குள் எங்கோ, ஒரு கனைப்பு. வயதானவர் ஒருவர் இருட்டில் தான் இருப்பதைத் தெரிவிப்பது போல.

முன்னால் போனவர்கள் நின்று கும்பிட்டார்கள்.